எவரெஸ்ட் ஏற்றமும் பயிற்சியும்: டார்ஜிலிங் சொல்லும் வரலாறு

இமயத்தின் உச்சியை அளந்து சொல்ல ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதன்மேல் மனிதன் ஏறி நிற்க மேலும் நூற்றோராண்டு ஆயிற்று. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி சங்கிலி பிடித்துத் தொடங்கிய நில அளவைதான் படிப்படியாக வடக்கே வளர்ந்து, 1852-ல் ‘பதினைந்தாம் சிகரமே உலகில் உயர்ந்தது’ என்ற முடிவில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கணக்கைப் போட்டவராக வரலாறு குறிப்பிடும் ராதாநாத் சிக்தார், நாம் பிழைக்க வந்த இந்தக் கொல்கத்தா நகரத்துக்காரர். 1856-ல் 29,002 அடி என்று வெளியிட்டார்கள். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29,032 அடி. அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு முப்பது அடிதான் வித்தியாசம்!

அளப்பதில் இத்தனை சமர்த்து காட்டியவர்கள் ஏறுவதில் ஏன் இத்தனை காலம் தவித்தார்கள்? முதல் பயணம் புறப்பட்ட 1921-லிருந்து எண்ணினாலும் முப்பத்திரண்டு வருஷம். பணத்துக்குக் குறைவில்லை, சாம்ராஜ்யமே பின்னால் நின்றது. வீரத்துக்கும் குறைவில்லை. போதாமல் இருந்தது தயாரிப்பு. அது எப்படி வளர்ந்தது, அதற்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கோடை விடுமுறைக்கு டார்ஜிலிங், காங்டாக், லே என்று புறப்படும் நம் குடும்பங்களுக்கு இந்த வரலாற்றில் நேரடியான சங்கதி ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காற்று இருக்கிறது, அழுத்தம் இல்லை

மலை உச்சியில் பிராணவாயு ‘இல்லை’ என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. கடற்கரையிலும் சரி, எவரெஸ்ட் உச்சியிலும் சரி, காற்றில் பிராணவாயுவின் பங்கு நூற்றுக்கு இருபத்தொன்றுதான். குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி; எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, ஒரு மூச்சுக்கு நமக்குக் கிடைக்கும் வாயுவும் அந்த அளவுக்குத்தான்.

இந்தக் குறைவைச் சமாளிக்க உடம்பு தானாகவே சில ஏற்பாடுகள் செய்துகொள்கிறது. முதல் சில மணி நேரத்திலேயே மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் ஆகிறது. அதிக மூச்சினால் இரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதைச் சிறுநீரகம் சில நாட்களில் சரிசெய்கிறது. இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். நம் வியாபாரப் பேச்சில் சொன்னால், ஆர்டர் கொடுத்தவுடன் வந்து இறங்குகிற சரக்கு அல்ல இது. பணம் கட்டினாலும் காத்திருந்துதான் எடுக்கணும். அவசரப்படுத்தினால் கம்பெனியே படுத்துவிடும்!

இந்த விஷயத்தை எவரெஸ்டோடு சேர்த்து முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர் அலெக்சாண்டர் கெல்லஸ் என்ற ஸ்காட்லாந்து வேதியியல் ஆசிரியர். சிக்கிம் மலைகளில் ஷெர்பா துணையாட்களோடு பல சிகரங்கள் ஏறியவர். மலைப்பணியில் ஷெர்பாக்களின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவரும் இவரே. தக்க பயிற்சியும் உடல்வலுவும் மனவலுவும் உள்ள மனிதன் செயற்கைப் பிராணவாயு இல்லாமலே எவரெஸ்ட் ஏற முடியும் என்று 1920-லேயே எழுதினார். 1921 முதல் எவரெஸ்ட் பயணத்தில் அவரும் சேர்ந்தார். ஆனால் ஏற்கெனவே களைத்திருந்த உடம்பு தாங்கவில்லை. திபெத்தில் கம்பா ஜோங் கோட்டையை நெருங்கும்போது வழியிலேயே இறந்துபோனார். அவர் போட்ட கணக்கு சரி என்பதை 1978 மே 8 அன்று மெஸ்னர், ஹபேலர் இருவரும் பிராணவாயு உருளை இல்லாமல் ஏறி நிரூபித்தனர். ஐம்பத்தெட்டு வருஷம் கழித்துத் தேறிய கணக்கு அது.

பிழைக்க வந்தவர்கள்

1921, 1922, 1924 ஆகிய மூன்று பயணங்களும் டார்ஜிலிங்கிலிருந்துதான் புறப்பட்டன. அன்று நேபாளம் வெளிநாட்டாருக்கு மூடிக்கிடந்ததால், சிக்கிம் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்து வடக்குப் பக்கமாக ஏறவேண்டியிருந்தது. சுமை தூக்க ஆள் டார்ஜிலிங்கில் கிடைத்தது. அந்த ஆட்கள் யார்? நேபாளத்தின் சோலு கும்பு பகுதியிலிருந்து கூலிவேலை தேடி மலை கடந்து வந்த ஷெர்பாக்கள். நம்மவர்கள் ரயிலேறி வந்தார்கள், அவர்கள் நடந்தே வந்தார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

அவர்களுக்கு எந்தப் பள்ளியும் பயிற்சி கொடுக்கவில்லை. மலையே பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியில் தோற்றால் திரும்பத் தேர்வு எழுத முடியாது. 1922 ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் சுமைதூக்கிகள். 1924-ல் மேலே போய்த் திரும்பாத மல்லரி, இர்வின் பெயர்கள் உலகமெல்லாம் தெரியும். இந்த ஏழு பேரின் பெயரைச் சொல்லச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்படி வந்த ஷெர்பாக்களில் ஒருவர்தான் டென்சிங் நார்கே. 1914-ல் பிறந்தவர். பதினெட்டு வயதையொட்டி டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். 1935-ல் எரிக் ஷிப்டன் தலைமையில் போன குழுவில் சுமைதூக்கியாக முதல் வாய்ப்பு. பின்பு 1936, 1938, 1947, அதன்பின் 1952-ல் இரண்டு தடவை. 1953-ல் உச்சியை மிதித்தது அவருடைய ஏழாவது எவரெஸ்ட் பயணம். ‘ஒரே நாளில் உலகப்புகழ்’ என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பதினெட்டு வருஷ உழைப்பு இருந்தது.

மெழுகுவத்தியும் அடுப்பும்

பயிற்சி, தயாரிப்பு என்பதற்குப் பெரிய வியாக்கியானம் வேண்டாம். டென்சிங் வாழ்க்கையில் அடுத்தடுத்த இரண்டு வருஷத்தை ஒப்பிட்டாலே போதும்.

1952 மே மாதம். சுவிட்சர்லாந்துக் குழுவின் ரேமண்ட் லாம்பெர்ட்டும் டென்சிங்கும் தென்கிழக்கு முகட்டில் ஒரு சிறு கூடாரத்தில் இரவைக் கழித்தனர். படுக்கைப் பை இல்லை, அடுப்பு இல்லை. ஒரு மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி நாக்கை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள், மே 28 அன்று, ஏறத்தாழ 8,595 மீட்டர் வரை போனார்கள். அவர்களிடமிருந்த பிராணவாயுக் கருவி நிற்கும்போது மட்டுமே பயன்பட்டது, நடக்கும்போது உதவவில்லை. உச்சிக்கு இன்னும் சுமார் 250 மீட்டர் இருக்கையில் திரும்பிவிட்டனர்.

1953 மே 28 இரவு. அதே டென்சிங், அதே முகடு. உடன் இருந்தவர் எட்மண்ட் ஹிலாரி. இந்தத் தடவை கூடாரத்தில் அடுப்பு எரிந்தது. சர்க்கரை போட்ட சூடான எலுமிச்சை ரசத்தை வயிறு நிறையக் குடித்தார்கள், சாப்பிட்டார்கள், பிராணவாயுவின் உதவியோடு சில மணி நேரம் தூங்கினார்கள். மறுநாள் காலை 11.30-க்கு உச்சி.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் கிரிஃபித் பியூ என்ற உடலியல் வல்லுநர் இருக்கிறார். 1952-ல் சோ ஓயு சிகரத்துக்குப் போன ஆங்கிலக் குழுவோடு சென்று, ஏறுபவர்களின் மூச்சு, உணவு, நீர் எல்லாவற்றையும் அளந்தார். உயரத்தில் குளிர்ந்த வறண்ட காற்றை வேக வேகமாக மூச்சு விடுவதால் உடம்பின் நீர் வற்றுகிறது. தாகம் தெரியாவிட்டாலும் நாளொன்றுக்கு மூன்று லிட்டராவது குடிக்கணும் என்றார். பிராணவாயு கூடுதலாகத் தரவேண்டும், உயரத்துக்குப் பழகும் காலத்தையும் நீட்டவேண்டும் என்றார்.

‘தண்ணீர் குடி’ என்று சொல்வது சுலபம். மேலே தண்ணீர் ஏது? பனியை உருக்கணும். உருக்க அடுப்பு வேணும், அடுப்புக்கு எண்ணெய் வேணும், எண்ணெயைத் தூக்க ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சாப்பாடு வேணும், அவர் தங்கக் கூடாரம் வேணும். ஒரு டம்ளர் எலுமிச்சை ரசத்துக்குப் பின்னால் இத்தனை கொள்முதல்! தலைவர் ஜான் ஹன்ட் இந்தப் பற்று வரவைப் போட்டுப் பார்த்துத் திட்டமிட்டார். காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து மார்ச் 10 அன்று சுமார் 150 சுமைதூக்கிகளோடு முதல் அணி புறப்பட்டது. தியாங்போச்சே மடாலத்துக்கு இரண்டரை வார நடை. அந்த நடையே முதல் பயிற்சி. மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி உடம்பு தானாகப் பதப்பட்டது. அங்கே 3,867 மீட்டர் உயரத்தில் முகாம் போட்டு, சுற்றியுள்ள சிறு சிகரங்களில் ஏறுவதும் திரும்புவதுமாக ஏறக்குறைய மூன்று வாரம் கழித்தார்கள். பிராணவாயுக் கருவியை மாட்டிக்கொண்டு நடந்து பழகியதும் அங்கேதான். பெரிய மலையைத் தொடுமுன் சிறிய மலைகளில் ஒத்திகை என்ற முறை இப்படித்தான் நிலைபெற்றது.

ஆயிரம் டென்சிங்குகளுக்கு ஒரு பள்ளி

வெற்றிக்குப் பின் எழுந்த கேள்வி, அடுத்த தலைமுறையும் பதினெட்டு வருஷம் சுமை தூக்கித்தான் கற்கவேண்டுமா என்பது. ஆயிரம் டென்சிங்குகளை உருவாக்கவேண்டும் என்பது அன்றைய பேச்சு. பிரதமர் நேருவின் ஆர்வத்தாலும், மேற்கு வங்க முதல்வர் டாக்டர் பி.சி.ராயின் முயற்சியாலும் 1954 நவம்பர் 4 அன்று டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தோன்றியது. மேஜர் நரேந்திர தர் ஜெயால் முதல் முதல்வர். டென்சிங் களப்பயிற்சி இயக்குநர். டென்சிங்கும் மற்றும் சில ஷெர்பாக்களும் அதே ஆண்டில் சுவிட்சர்லாந்து சென்று அர்னால்ட் கிளாட்ஹார்ட் என்ற வழிகாட்டியிடம் கற்பிக்கும் முறையைக் கற்று வந்தார்கள். உலகின் உச்சியில் நின்றவர், மறுவருஷமே மாணவராகப் போய் உட்கார்ந்தார் பாருங்கள்!

பள்ளி முதலில் ராய் வில்லா என்ற வீட்டில் இருந்தது. பிறகு இப்போதுள்ள ஜவாஹர் பர்வதத்துக்கு மாறியது. நம்மவர்கள் குழந்தைகளுக்குச் சிவப்புப் பாண்டாவும் பனிச்சிறுத்தையும் காட்டப்போகும் மிருகக்காட்சிச் சாலை வளாகத்திலேயே இந்தக் கழகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1986-ல் மறைந்த டென்சிங்கின் சமாதியும் அங்கேதான்.

இங்கே அடிப்படைப் பயிற்சி 28 நாள். காலையில் ஓட்டமும் உடற்பயிற்சியும். கயிறு முடிச்சுகள். லெபாங் பக்கமுள்ள டென்சிங் பாறையில் ஏறி இறங்கும் பழக்கம். பிறகு முதுகில் மூட்டையோடு மேற்குச் சிக்கிமில் யுக்சம் கிராமத்திலிருந்து காட்டுவழி நடை. ஜோங்ரி மேட்டைக் கடந்து, சுமார் 14,600 அடியில் சௌரிகாங் முகாம். அங்கே ராதோங் பனியாற்றில் பனிக்கோடரியைப் பிடிக்கவும், பூட்ஸின் அடியில் முள்சட்டம் மாட்டி நடக்கவும், சறுக்கி விழுந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளவும் கற்பிக்கிறார்கள். எல்லாரும் நடக்கும் வேகத்தில்தான் உயரம் கூடுகிறது.

1965 மே மாதத்தில் கமாண்டர் கோஹ்லி தலைமையில் ஒன்பது இந்தியர்கள் எவரெஸ்ட் ஏறினார்கள். அதற்கு முன் 1960-லும் 1962-லும் போய்த் திரும்பிய அனுபவமும் இந்தப் பயிற்சியும் சேர்ந்து தந்த பலன் அது. அவர்களில் ஒருவரான நவாங் கோம்பு, டென்சிங்கின் மருமகன் முறை. 1963-ல் அமெரிக்கக் குழுவோடும் ஏறியிருந்ததால், எவரெஸ்டை இருமுறை ஏறிய முதல் மனிதர் ஆனார். அதே 1965-ல் உத்தரகாசியில் நேரு பெயரால் மற்றொரு கழகம் எழுந்தது. 1984-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அங்கே பயின்றவர். 2023-ல் தமிழகத்திலிருந்து முத்தமிழ்ச்செல்வி என்ற பெண்மணியும் ஏறிவிட்டார். பரங்கிமலையில் தொடங்கிய கணக்குக்கு நம் பக்கத்து வரவு என்று இதை எழுதிக்கொள்ளலாம்.

முதல்வரையே பலிகொண்ட அவசரம்

இங்கே ஒரு துயரத்தைச் சொல்லாமல் போனால் வரலாறு முழுமையாகாது. 1958-ல் இந்தியக் குழு ஒன்று சோ ஓயு சிகரத்துக்குப் போனது. கழகத்தின் முதல்வர் ஜெயாலும் அதில் உண்டு. ஆனால் அவர் குழுவோடு பிந்தித்தான் போய்ச் சேர முடிந்தது. முன்னால் போனவர்களை எட்டிப்பிடிக்க விரைந்து மேலேறினார். மலையிலேயே நோயுற்று இறந்துபோனார். அந்தக் குழு பிறகு உச்சியைத் தொட்டது.

மலையேற்றத்தைக் கற்பிக்கும் பள்ளியின் தலைவர். திடகாத்திரமான ராணுவ அதிகாரி. அவருக்கே இப்படி என்றால்? அன்று இம்மாதிரிச் சாவுகளைச் சளிக்காய்ச்சல் வகை என்றே நினைத்தார்கள். உயரத்தினாலேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் இது என்று 1960-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் ஆங்கில மருத்துவ உலகுக்கு விளக்கி எழுதினார்.

அதற்குள் 1962 வந்துவிட்டது. சீனப் போரில் சமவெளியிலிருந்த நம் ராணுவ வீரர்களை அவசர அவசரமாக விமானத்தில் ஏற்றி லடாக் உயரங்களில் இறக்கவேண்டியிருந்தது. குண்டு படாமலே பலர் சுருண்டு விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவினரும் இப்படி நோயுற்ற 1,925 வீரர்களைக் கவனித்து 1969-ல் வெளியிட்ட ஆய்வு, இன்றும் உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்தப் பட்டறிவிலிருந்து பிறந்ததே ராணுவத்தின் மூன்று கட்ட முறை. 9,000 முதல் 12,000 அடிவரை ஆறு நாள். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும். 15,000 அடிவரை மேலும் நான்கு நாள். அதற்கு மேலே போக இன்னும் நான்கு நாள். ஆக மொத்தம் பதினான்கு நாள். துப்பாக்கி பிடித்த வீரருக்கே இதுதான் சட்டம்.

பாரசநாத்தும் நாதுலாவும்

நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் சமணக் குடும்பங்கள் கொல்கத்தாவிலிருந்து பாரசநாத் மலைக்கு யாத்திரை போவது வழக்கம். ஏறி, சிகரங்களை வலம் வந்து, இறங்கச் சுமார் 27 கிலோமீட்டர். எழுபது வயதுப் பாட்டிமார்கூட வெறுங்காலோடு, விரதத்தோடு நடந்துவிடுவார்கள். கால்வலுவுக்கும் மூச்சுக்கும் மனவுறுதிக்கும் இதைவிட நல்ல பயிற்சி நடை கிடையாது. ஆனால் அந்த மலையின் உயரம் 1,365 மீட்டர்தான். உயரத்துக்கு உடம்பு பழகுவது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காங்டாக்கிலிருந்து காலையில் ஜீப் ஏறினால் முற்பகலுக்குள் 4,310 மீட்டர் உயர நாதுலா கணவாயில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். லேவுக்கு விமானம் பிடித்தால், 3,500 மீட்டரில் நேராக இறங்குகிறோம். 1962-ல் வீரர்கள் கட்டாயத்தால் செய்ததை, நாம் டிக்கெட் வாங்கிச் செய்கிறோம்! ஜிம்முக்குப் போகிற பையன், ‘எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்று முதல் நாளே குதிப்பான். உடல்வலு இந்த நோயைத் தடுக்காது. சொல்லப்போனால் வலுவுள்ளவன்தான் வேகமாக ஏறுவான், வேகமாக ஏறுபவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஆகவே பயிற்சி என்பது இரண்டு வகை என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஊரிலேயே செய்வது: மாதக்கணக்கில் நடப்பது, மாடிப்படி ஏறுவது, முதுகில் சிறிது சிறிதாகப் பாரம் கூட்டுவது, புது பூட்ஸை இங்கேயே காலுக்குப் பழக்குவது. மற்றொன்று மலையில் மட்டுமே செய்ய முடிவது: 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருநாள் அதே உயரத்தில் தங்குவது. பகலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு இரவு கீழே வந்து தூங்குவது. தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்குமேல் ஏறாமல் நிற்பது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே கீழே இறங்குவது. இரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல், தனியாக அனுப்பாமல், துணையோடு இறக்கி மருத்துவரிடம் சேர்ப்பது. இருதய நோய், மூச்சு நோய் உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளணும். நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை, ‘எல்லாரும் வந்திருக்கிறோம், உன் ஒருத்தனால் பயணம் கெடணுமா’ என்று நோய்ப்பட்டவரை வெட்கப்பட வைப்பது. அப்படி வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவருக்குத்தான் நோய் முற்றும்.

பயிற்சி இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசிக் கழகத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு திரௌபதி கா டாண்டா சிகரத்தருகே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன. இருவர் அப்போது கிடைக்கவில்லை. இறந்தவர்களில் ஆசிரியை சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்டையும் மகாலுவையும் ஏறி வந்தவர். மலை யாருக்கும் கடன்பட்டதல்ல. பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

எனினும் குறைக்கக்கூடிய ஆபத்தைக் குறைக்காமல் விடுவது நியாயமா? நமக்கு இன்று இரண்டு பக்கத்தில் கிடைக்கும் இந்த விதிகளுக்கு, பெயர் தெரியாத சுமைதூக்கிகளும், ஒரு பள்ளி முதல்வரும், லடாக்கில் விழுந்த வீரர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தடவை டார்ஜிலிங் போகும் அன்பர்கள், குழந்தைகளுக்குப் பனிச்சிறுத்தையைக் காட்டியபின் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி, மலையேற்றக் கழக அருங்காட்சியகத்துக்குள்ளும் அழைத்துப்போங்கள். அங்குள்ள பழைய பூட்ஸ்களையும் கயிறுகளையும் காட்டி, இவர்களும் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள்தான் என்று சொல்லுங்கள். நாதுலாவுக்குப் போகும் திட்டம் இருந்தால், காங்டாக்கில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள். ஓட்டல் வாடகை கொஞ்சம் ஏறும். அந்தச் செலவு நல்ல செலவு.